அயல்நாட்டு மாணவர் பரிமாற்றச் சேவை: தங்க இடம் கொடுத்த ஒரு பெரம்பூர் குடும்பத்தின் மதிப்பீடு

சென்னையில் உள்ள கல்லூரிகள் சில அண்டை நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரே ஒரு பருவம் மட்டும் இங்கே வந்து படிக்க மாணவர்களை வரவழைக்கின்றன. விமான நிலையத்தில் அழைத்துக்கொள்வது, விசாவுக்கான தாள்களைத் தயார் செய்வது, தங்குமிடம் பார்ப்பது, ஊர் சுற்றிக் காட்டுவது ஆகிய வேலைகளைக் கல்லூரி தானே செய்யாமல் ஒரு தனியார் முகமையிடம் ஒப்படைத்துவிடுவதும் உண்டு. என் மகள் படிக்கும் கல்லூரி அப்படி ஒப்படைத்த முகமையின் 'குடும்பத்தோடு தங்கும்' சேவையில் நாங்கள் பெயர் கொடுத்திருந்தோம். இலங்கையில் கண்டிக்கு அருகிலிருந்து வந்த, சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மாணவி, ஒரு பருவம் முழுவதும் பெரம்பூரில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தார். முகமையின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இத்தகைய திட்டங்கள் வகுக்கப்படும் முறையிலேயே இருப்பவை. ஒரு அலுவலகத்தை மட்டும் சுட்டிக்காட்டுவதில் பயனில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவை ஒரு மாணவியைப் பத்திரமாக அழைத்து வந்து பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறது. நடுவில் இரு நாட்டாருக்கும் இடையே நடக்க வேண்டியதை மட்டும் தற்செயலுக்கு விட்டுவிடுகிறது. அண்டை நாடுகளுக்கிடையே நல்லுறவை வளர்ப்பதுதான் நோக்கம் என்று அவர்களுடைய கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள் என்பதால், அந்த நோக்கத்தை வைத்தே அளந்து பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

தாள் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெளிநாட்டவர் ஒருவரை வீட்டில் தங்க வைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் விவரம் தர வேண்டும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கடவுச்சீட்டு எண், விசா எண், புகைப்படம் என்று கேட்கும் பக்கங்களைப் பார்த்ததும் கை நடுங்கும். முகமையிலிருந்து ஒரு பெண் அன்றே வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பதிவை முடித்து, அதன் நகலையும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். 180 நாளைத் தாண்டிய விசாவில் வருபவர்கள் 14 நாளுக்குள் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும், ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் மாணவிக்கு அது பொருந்தாது என்பதையும் தெளிவாக விளக்கினார். அதே குழுவில் வந்திருந்த நேபாள மாணவருக்கும் பூடான் மாணவிக்கும் விசாவே தேவைப்படவில்லை. இலங்கைக்காரருக்கு மட்டும் தூதரக அலைச்சல் இருந்ததை எங்கள் வீட்டில் தங்கிய பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

படிப்புக் கணக்கில் முகமையும் கல்லூரியும் சேர்ந்தே சொதப்பியிருக்கின்றன. இலங்கையின் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேர உழைப்பு. இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் அது 30 மணி நேரம். இங்கே ஐந்து கிரெடிட் பெற்றால் அங்கே மூன்றுதான் தேறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இதை வருவதற்கு முன்பே எழுதி, இரு பக்கப் பதிவாளர்களிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாததால், பருவத்தின் நடுவில் அந்தப் பெண் தன் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டும், இங்கே துறைத் தலைவரின் அறை வாசலில் காத்துக்கொண்டும் இருந்தார். கடைசியில் கூடுதலாக ஒரு பாடம் எடுத்துக்கொண்டு சமாளித்தார். ஒரு பருவம் வீணாகும் என்ற அச்சம் இருக்கும் வரையில் நல்ல மாணவர்கள் இத்தகைய திட்டங்களுக்கு வரமாட்டார்கள். ஊர் பார்க்க வருபவர்கள்தான் வருவார்கள்.

இனி ஊர் சுற்றிக் காட்டியதைப் பற்றி. மாமல்லபுரம், ஒரு கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்கா, தியாகராய நகரில் துணிக்கடை, கல்லூரி அரங்கில் 'பண்பாட்டு மாலை' என்று நிரல் போட்டிருந்தார்கள். பண்பாட்டு மாலையில் அவரவர் நாட்டு உடையில் அவரவர் நாட்டு ஆட்டம் ஆடினார்கள்; பார்த்தவர்கள் கைதட்டினார்கள்; பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை.

சென்னையில் இலங்கை மாணவி ஒருவருக்குக் காட்ட வேண்டியவை வேறு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. பௌத்தக் கலையின் தலைசிறந்த கற்களில் சில, நம் ஊரில், பேருந்து போகும் சாலையோரத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், எழும்பூர் கென்னட் சந்தில் பௌத்தர்களின் மகாபோதி சங்கம் இருக்கிறது. முழுநிலா நாள் ஒவ்வொன்றும் இலங்கையில் பொது விடுமுறை, 'போயா' என்பார்கள். அந்த நாளில் எங்கே போய் விளக்கேற்றுவது என்று அந்தப் பெண் என் அம்மாவிடம் கேட்டபோது, பெரம்பூரிலேயே இத்தனை ஆண்டுகள் குடியிருக்கும் எங்களில் ஒருவருக்கும் கென்னட் சந்து நினைவுக்கு வரவில்லை. என் மகள்தான் தேடிப்பிடித்து மின்சார ரயிலில் அழைத்துப் போனாள். முகமையின் நிரலில் இந்த இரண்டு இடங்களும் இல்லை.

சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொள்ள மட்டும் வண்டியை நிறுத்தினார்களாம். நிறுத்தியவர்கள் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்: விசுவநாதபிள்ளையும் அவருடைய மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும். அந்த மாணவர்தான் பின்னாளில் ஏடுகளைத் தேடித் திரட்டி 1887-இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்தர் அடுத்த நூற்றாண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துவிட்டு, பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஒப்பந்தமும் கையேடும் இல்லாமல் நடந்த பரிமாற்றங்கள் இவை. அவை தந்த பயனை நாம் இன்றும் பாடப்புத்தகத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவை பெரும்பாலும் தமிழருக்கும் தமிழருக்கும் இடையே நடந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்ணுக்கும் பெரம்பூர்க் குடும்பத்துக்கும் இடையே அப்படி எந்தப் பாலமும் முன்பே போடப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் இந்தச் சேவை எனக்கு முக்கியமாகப் பட்டது.

கையேட்டில் என்னை மிகவும் உறுத்திய பக்கத்துக்கு வருகிறேன். 'விருந்தினரோடு பேசத் தவிர்க்க வேண்டியவை' என்று தலைப்பிட்டு, போர், அகதிகள், மீனவர் பிரச்சினை, கச்சத்தீவு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2012-இல் சென்னைக்கு விளையாட வந்த இலங்கைப் பள்ளிக் கால்பந்து அணியினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2013-இல் ஐபிஎல் ஆட்டங்களுக்காக இலங்கை வீரர்கள் இந்த ஊர் மைதானத்தில் இறங்க முடியவில்லை. அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் எந்த முகமையும் வம்பை விலைக்கு வாங்க விரும்பாது. ஆனால் இந்த நான்கையும் விட்டுவிட்டால் இலங்கைக்காரர் ஒருவரும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் ஒரு பருவம் முழுக்க எதைப் பற்றித்தான் பேசுவது? வெயிலைப் பற்றியா?

எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் செல்லுபடியாகவில்லை. தொலைக்காட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என் மைத்துனர், தூத்துக்குடிக்காரர், உணர்ச்சிவசப்பட்டு நாலு வார்த்தை சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முழுவதும் புரியாவிட்டாலும் தொனி புரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக ஆங்கிலத்தில் ஒரு செய்தியைச் சொன்னார். கடலடியைச் சுரண்டும் இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலை அறுந்து நட்டப்படுகிறவர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் தமிழ் மீனவர்கள்; கொழும்பில் உள்ள சிங்களவர்கள் அல்லர். மைத்துனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் நிஜந்தாம்மா, ஆனா பிடிச்சுட்டுப் போற பையன் கூலிக்குப் போனவன், படகு அவனது இல்ல" என்றார். என் மகள் மொழிபெயர்த்தாள். படகு யாருடையது, கடன் யார் கொடுக்கிறார்கள், கைப்பற்றிய படகு என்ன ஆகிறது என்று பேச்சு வளர்ந்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை நீண்டது. இருவரில் ஒருவரும் தம் நாட்டை விட்டுக் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் பேச முடிந்தது. பண்பாட்டு மாலைக்குச் செலவழித்த பணத்தில் இப்படி ஓர் இரவை ஏற்பாடு செய்ய முடியாது என்பது தெரியும். ஆனால் இப்படி நடக்கக் கூடாது என்று கையேட்டில் தடை போடாமலாவது இருக்கலாம்.

இன்னொன்று. புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. தன் நாட்டிலிருந்து 1983-க்குப் பிறகு தப்பி வந்தவர்கள் இத்தனை காலமாக இங்கே இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெண் பொதுவாகக் கேள்விப்பட்டிருந்தார். பக்கத்திலேயே இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவர் என் மகளின் வகுப்பில் படிக்கிறார். இங்கேயே பிறந்தும் அவருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. இலங்கையை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று அவர்கள் பேசியதை இங்கே விரித்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. மன்னாரில் தன் தாத்தாவின் வீடு இருந்த ஊரைப் பற்றி அவர் கேட்க, இந்தப் பெண் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே இப்போது எந்தச் சாலை போகிறது, ரயில் எதுவரை வருகிறது என்று காட்டிக்கொண்டிருந்ததை மட்டும் சொல்கிறேன். சிங்களப் பெண்ணும் அகதிப் பையனும் தத்தம் நாட்டைப் பற்றி ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இந்த ஊரில் வேறு எந்த வழியிலும் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

வீட்டில் தங்கும் ஏற்பாடு இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி; விடுதியில் தங்கியிருந்தால் மேலே சொன்னவை எவையும் நடந்திருக்காது. அந்தப் பெண் என் அம்மாவை வந்த வாரத்திலேயே ஆச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து மாசித் துண்டு (காய வைத்த சூரை மீன்) ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தார். அம்மா தூத்துக்குடிக்காரர் என்பதால் மாசி அவருக்குப் புதிதல்ல. வாங்கி முகர்ந்து பார்த்து, "இது நல்லாக் காஞ்ச சாமான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். தேங்காய்த் துருவல், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மாசி எல்லாவற்றையும் அம்மியில் வைத்து நசுக்கி, எலுமிச்சை பிழிந்து அவர் செய்த சம்பலை அம்மா இடியாப்பத்தோடு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் கடைசியில் போட்டிருக்க வேண்டும் என்றார். அடுத்த முறை அப்படியே நடந்தது. 2022-இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் போனதை நாம் செய்தியாகப் படித்தோம்; அந்த அரிசி மூட்டை தன் ஊர்க் கிராம அலுவலகத்தில் பிரிக்கப்பட்டபோது வரிசையில் நின்றதை அவர் அடுப்படியில்தான் சொன்னார்.

குடும்பங்களுக்கு முகமை மாதம் 8,000 ரூபாய் தருகிறது. சென்னையில் ஒருவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, தனி அறை, மின்கட்டணம் என்று பார்த்தால் இது போதாது; லாபத்துக்காக யாரும் இதில் சேர முடியாது என்ற வகையில் அது நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையும் காலம் தாழ்த்தியே வந்தது, கேட்டால்தான் வந்தது. ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்கப்படுவதில்லை. காய்ச்சலில் கிடந்த மாணவியை மருத்துவரிடம் கூட்டிப்போக முகமையின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று விதி வைத்திருப்பவர்கள், அந்தக் கடிதத்தைக் கொடுக்க ஓர் ஆளையாவது இரவில் விழித்திருக்கச் செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, இந்தப் பரிமாற்றத்தில் பரிமாற்றமே இல்லாதது. இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பூடானிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். இங்கிருந்து அங்கே போகிறவர்கள் அனேகமாக இல்லை. இந்தக் குழுவுக்கு ஈடாகக் கல்லூரியிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. கேட்டதற்கு, பெற்றோர் அனுப்பத் தயாராக இல்லை என்றார்கள். சிங்கப்பூருக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பத் தயாராக இருக்கும் அதே பெற்றோர்தான். அரசின் உதவித்தொகைகளும் இதே திசையில்தான் ஓடுகின்றன. 1950-இல் நிறுவப்பட்ட இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சில் வழியாக, நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயர்களில் இலங்கை மாணவர்களுக்கு உதவித்தொகைகள் இருக்கின்றன, அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கொடுக்கும் நாடு, பெறும் நாடு என்ற உறவில் நன்றி பிறக்கும். பரிச்சயம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பிறக்கும். அந்தப் பெண்ணுக்கு இப்போது பெரம்பூர் தெரியும். என் மகளுக்குக் கண்டி தெரியாது.

இதை வேறு மாதிரிச் செய்ய முடியும் என்பதற்கு உலகில் முன்மாதிரி இருக்கிறது. முக்கால் நூற்றாண்டுக்குள் மூன்று முறை போரிட்ட பிரான்ஸும் ஜெர்மனியும் 1963 ஜனவரியில் எலிசே நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூலையில் இரு நாட்டுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் ஒன்றைத் தொடங்கின. அதன் சிறப்பு, இரு அரசுகளும் சரிபாதிப் பணம் போடுகின்றன என்பதும், பயணம் இரு திசையிலும் நடக்கிறது என்பதும்தான். கல்லூரி மாணவர் மட்டுமல்லாமல் பள்ளிப் பிள்ளைகளும் தொழில் பயில்வோரும் போய் வருகிறார்கள். இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமானோர் போய் வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987-இல் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும்தான் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே அவர்கள் பிடிவாதமாக இருந்த விஷயம், வெளிநாட்டில் படித்த பருவத்தைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. எங்கள் வீட்டில் தங்கிய பெண் துறைத் தலைவரின் வாசலில் நின்றது எனக்கு நினைவுக்கு வருகிறது.

நம் வட்டாரத்தில், தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் எட்டும் சேர்ந்து 2010-இல் டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின. சார்க் உச்சி மாநாடே 2014-க்குப் பிறகு கூடவில்லை என்ற நிலையில் அந்தப் பல்கலைக்கழகம் நடந்துகொண்டிருப்பது பெரிய செய்திதான். ஆனால் டெல்லியில் ஒரு வளாகம் இருப்பதால் சென்னைப் பிள்ளை கண்டிக்கும் காத்மாண்டுவுக்கும் போய்விடப் போவதில்லை. போவதற்கு வழி இல்லாமலும் இல்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சிறிய விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. என் தாத்தா காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறினால் தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டில் போகலாம் என்பார்கள். 1964 புயலோடு அது போயிற்று.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், கல்லூரியில் படிக்கும் பிள்ளையும், பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரும், மூடிக்கொள்ளக் கதவுள்ள தனி அறையும் இருக்கும் குடும்பத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாடகைக்கு ஆள் வைப்பதுபோல் நினைப்பவர்களுக்கும், வந்தவரை நாள் முழுக்க உபசரித்தே ஓய்ந்துபோகிறவர்களுக்கும் இது ஒத்துவராது. வந்தவர் துணி துவைத்துக் காயப்போடவும், கோபத்தில் பேசாமல் ஒரு நாள் இருக்கவும் அந்த வீட்டில் இடம் இருக்க வேண்டும். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், தாள் வேலைக்கு ஐந்து, வீட்டில் தங்கும் ஏற்பாட்டுக்கு நாலரை, படிப்புக் கணக்குக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்றரை.

அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் முகமையிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மாணவர் எடுக்கும் பாடங்களுக்கு அவருடைய பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட் தரும் என்ற ஒப்புதல் கடிதம், இரவில் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண், இங்கிருந்து அங்கே போக எத்தனை பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற விவரம். மூன்றாவதைக் கேட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதில், 'பரிசீலனையில் இருக்கிறது' என்பது. என் மகள் தன் பெயரை அந்தப் பரிசீலனையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்; கண்டியிலிருந்து, எந்த மாதம் வருகிறாய் என்று கேட்டுச் செய்தி வந்துகொண்டிருக்கிறது.